திருஷ்டிப் பொம்மை

திருஷ்டிப் பொம்மை என்பது கண்ணேறு படாமலிருக்க வீட்டின் முகப்பில் வைக்கப்படும் அச்சுறுத்தும் தோற்றமுடைய உருவம் ஆகும். திருஷ்டி என்னும் வடசொல்லுக்குப் பார்வை என்பது பொருள். தமிழ்நாட்டில் பரவலாக உள்ள இவ்வழக்கத்தை விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நகரங்களின் தெருக்களிலும் காணலாம்.

வகைகள்

கட்டி முடிக்கப்படாத வீடுகளில், பழைய சட்டையிலும் கால்சட்டையிலும் வைக்கோலைத் திணித்துச் செய்த ஆளுருவம் கட்டப்படும். குடியேறிய வீடுகளில் பிதுங்கிய கண்கள், முறுக்கிய மீசை, கோரைப் பற்கள், நீட்டிய நாக்கு ஆகியவற்றைக் கொண்ட அரக்க முகம் வாயிலின் மேல் மாட்டப்படும். இம்முகத்தைச் சாம்பல் பூசணிக்காயில் வரைந்து தொங்கவிடுவதும் உண்டு. வயலில் நிறுத்தப்படும் சோளக்கொல்லைப் பொம்மை தோற்றத்தில் இதனை ஒத்ததாயினும், அதன் நோக்கம் பறவைகளை விரட்டுவதாகும்.

நம்பிக்கை

பிறரது பொறாமைப் பார்வை தீங்கு விளைவிக்கும் என்றும், முதற்பார்வையைப் பொம்மை ஈர்த்துக்கொண்டால் வீடு தப்பும் என்றும் நம்பப்படுகிறது. இதற்கு அறிவியல் சான்று இல்லை. குழந்தையின் கன்னத்தில் இடப்படும் கருநிறத் திருஷ்டிப் பொட்டும் இதே கருத்தில் அமைந்ததாகும்.

குழந்தைகளும் பொம்மையும்

இப்பொம்மையைக் காட்டி, "பூச்சாண்டி வருகிறான்" எனக் கூறிச் சோறூட்டுவது பெரியோர் வழக்கம். இதனால் சில குழந்தைகள் அவ்வீட்டைக் கடக்கவே அஞ்சுவர். மாறாக, அது வீட்டின் காவலாள் என எடுத்துக்கூறி, மீசையையும் பற்களையும் சுட்டிக்காட்டி, அடுத்த தெருப் பொம்மையோடு ஒப்பிடச் செய்தால், அச்சம் வேடிக்கையாக மாறக்கூடும்.

ஹாலோவீனுடன் ஒப்பீடு

அக்டோபர் 31 அன்று மேலைநாடுகளில் கொண்டாடப்படும் ஹாலோவீனின்போதும் வீட்டு முற்றங்களில் அச்சுறுத்தும் உருவங்கள் வைக்கப்படுகின்றன. அயர்லாந்தில் கிழங்கு வகைகளைக் குடைந்து விளக்கு செய்த வழக்கம், குடியேறியோர் வழியாக அமெரிக்காவை அடைந்து, அங்குப் பரங்கிக்காய்க்கு மாறியது. ஹாலோவீன் அலங்காரம் பண்டிகையோடு அகற்றப்படும்; திருஷ்டிப் பொம்மையோ ஆண்டு முழுவதும் வாயிலில் இருக்கும்.

பூசணிக்காய் உடைத்தல்

ஆயுத பூசை, புதுமனைப் புகுவிழா போன்ற நாட்களில் திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயைச் சாலையில் உடைப்பர். அதன் துண்டுகளில் இருசக்கர வாகனங்கள் வழுக்கி விபத்துகள் நேர்வதால், ஓரமாக உடைத்து உடனே அப்புறப்படுத்துவது இன்றியமையாததாகும்.