படுத்த உருளையும் நின்ற உருளையும்

மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில், திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் தங்கியிருந்தேன். அவ்வீட்டு மூதாட்டியார் காப்பி போட முனைந்தார். அடுப்பின் சுடர் சோர்ந்து எரிந்தது. உடனே அவர் எரிவாயு சிலிண்டரைத் தரையில் சாய்க்கத் தொடங்கினார். நான் பதறி அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, உருளையை நிமிர்த்தி வைத்தேன். "இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க ஐயா, சாய்த்தால் வரும். அதற்கேன் இத்தனை பயம்?" என்று அவர் கேட்டார். மாணவ நண்பர்களே, அவருக்கு நான் சொன்ன விடையே இப்பேச்சு.

உருளைக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அழுத்தத்தால் அது திரவமாகி அடியில் நிற்கிறது. மேலே ஆவி நிறைந்திருக்கிறது. அடுப்பு வேண்டுவது ஆவியை மட்டுமே. உருளையைச் சாய்த்தாலோ திரவமே வாயிலுக்கு வந்துவிடும். ஒரு பங்கு திரவம் ஏறத்தாழ 250 பங்கு வாயுவாக விரியும். அப்போது சுடர் கட்டுக்கடங்காமல் எழும்.

குளிரில் சுடர் சோர்வதேன்? திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைச் சுற்றுப்புறமே அளிக்கிறது. புரொப்பேன் சுழிக்குக் கீழ் 42 பாகையிலேயே கொதிக்கும். பியூட்டேனோ ஏறத்தாழச் சுழிப் பாகையில்தான் கொதிக்கும். புரொப்பேன் முந்திச் செல்வதால் கடைசியில் மந்தமான பியூட்டேனே மிகுந்து நிற்கும். அதற்காக உருளையருகே தணலை வைப்பது பெருந்தீங்கு. மாற்று உருளையைப் பொருத்துவதே முறை.

"பெருங்கிடங்குகளில் ஃபோர்க்லிப்ட் என்னும் சுமைதூக்கி வண்டியில் புரொப்பேன் உருளை படுத்துத்தானே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். அது திரவத்தையே எடுக்குமாறு அமைந்தது. எஞ்சினின் வெப்பம் அதை ஆவியாக்குகிறது. வண்டியிலுள்ள முளை, உருளையின் துளையில் பொருந்த வேண்டும். அப்போதுதான் மிகையழுத்தத்தை வெளிவிடும் வால்வு மேற்புறத்து ஆவியில் இருக்கும். உருளையை மாற்றும்போது முதலில் அதன் வால்வை மூடி, குழாயில் எஞ்சிய வாயு தீரும்வரை எஞ்சினை ஓடவிடுவர். கசியும் திரவம் தோலை உறையச் செய்யும். ஆதலால் கையுறை இன்றியமையாதது. ஆக, படுக்கவென்று அமைந்தது படுக்கலாம். நிற்கவென்று அமைந்தது நின்றே ஆகவேண்டும்.

இன்னொன்று. இவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீரைப்போல் தாழ்ந்த இடந்தேடித் தங்கும். நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். இயல்பில் மணமற்ற இதற்கு மெர்க்காப்டன் என்னும் நாற்றப்பொருளைச் சேர்ப்பது நம்மை எச்சரிக்கவே. மலைவீடுகளில் பக்கத்திலேயே விறகடுப்பும் இருப்பதுண்டு. தீயணைப்பு வண்டி மலையேறி வரவும் நேரமாகும். ஆகவே நாற்றம் எழுந்தால் மின்விசையைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுடரை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறுங்கள். தொலைவில் நின்று 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

எல்லாவற்றையும் கேட்ட மூதாட்டியார், "அப்போ இது பால்குடம் மாதிரி, நிமிர்ந்தே இருக்கணும்" என்றார். நான் நீட்டிச் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார். இன்று மாலை உங்கள் வீட்டு அடுக்களையிலும் அதைச் சொல்லுங்கள்.