பழைய காரும் பச்சைக் குழந்தையும்

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு வெளியூரார் வியப்பதுண்டு. எமக்கு அதில் வியப்பில்லை. தந்தையார் வாங்கிய காரை விற்க எம்மவர்க்கு மனம் வருவதில்லை. எமது வீட்டிலும் அத்தகைய கார் ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் அது. என்னையும் என் தங்கையையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் சென்றது அதுவே. தங்கையை மணமகளாக ஏற்றிச் சென்றதும் அதுவே.

சென்ற ஆண்டு அவள் இலண்டனிலிருந்து நான்கு மாதக் குழந்தையோடு வந்தாள். பெட்டிகளோடு குழந்தை ஆசனம் ஒன்றும் வந்தது. பருத்தித்துறையில் இருக்கும் அம்மம்மாவுக்குப் பூட்டப்பிள்ளையைக் காட்டவேண்டும் என்பது எல்லோருடைய ஆவல். புறப்படும் நாளன்று தங்கை காரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பட்டி எங்கே, அண்ணா?" என்றாள். இத்தனை ஆண்டுகளில் எம் வீட்டில் ஒருவரும் கேட்டிராத கேள்வி அது. அக்காரின் பின்னாசனத்தில் ஆசனப்பட்டி ஒருபோதும் இருந்ததில்லை.

"மடியில் வைத்துக்கொண்டு போனால் என்ன? உங்களையும் அப்படித்தானே கொண்டு திரிந்தோம்?" என்றார் பெரியம்மா.

மடி போதுமா?

பெரியம்மாவின் கேள்வி அன்பிலிருந்து பிறந்தது. எனினும் அதற்குரிய விடையை அன்பினால் அளக்க முடியாது, கணக்கினாலேயே அளக்கவேண்டும். மணிக்கு 50 கிலோ மீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒன்று மதிலில் மோதி அரை மீற்றர் தூரத்துள் நின்றுவிடுகிறது என வைத்துக்கொள்வோம். அக்கணத்தில் காரினுள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாயும். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை அப்போது நூறு கிலோவாகிவிடுகிறது. இரண்டு மூடை அரிசியை, அதுவும் கண்ணிமைக்கும் பொழுதில், எந்தத் தாயின் கைகள் தாங்கும்? அதே வேகத்தில் மோதுவது ஏறக்குறைய பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். தென்னையின் உச்சியிலிருந்து விழும் குழந்தையைக் கையால் ஏந்திவிடலாம் என்று எவரும் எண்ணார். நாம் பிழைத்து வளர்ந்தது எமது கார் எங்கும் மோதாத காரணத்தினாலேயே அன்றி, மடியின் வலிமையால் அன்று.

இதைக் கேட்ட பெரியம்மா சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் அந்தக் கதிரையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டு" என்றார். உண்மையைச் சொன்னால் நானும் ஒரு கணம் கயிற்றைத் தேடினேன். பட்டதாரி ஆசிரியன் என்பதனால் அறியாமை முற்றாக அகன்றுவிடுவதில்லை அல்லவா!

பட்டியில்லாத கார்

குழந்தை ஆசனம் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் தானாகக் குழந்தையைக் காப்பதில்லை. அது எங்கே பிணைக்கப்பட்டிருக்கிறதோ, அந்த இடத்தின் உறுதியே அதன் உறுதி. ஐசோபிக்ஸ் எனப்படும் உருக்குக் கொளுவிகள் 1990களின் பிற்பகுதியிலேயே கார்களில் வரத் தொடங்கின. அவை இல்லாத கார்களில் ஆசனப்பட்டியே துணை. சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் அமைத்த மூன்று முனைப் பட்டி காரில் இடம்பெற்றது 1959ஆம் ஆண்டில்; எமது கார் பிறந்த அதே ஆண்டு. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை!

கராஜுக்குச் சென்றோம். பின்னாசனத்தைத் தூக்கிய மெக்கானிக், திருப்புளியின் முனையால் அடித்தகட்டை மெல்லக் குத்தினார். கறள் பிடித்திருந்த தகட்டினூடாக அது தரைவரை சென்றது. "ஐயா, இதிலே பட்டி பூட்டினால் முதலில் பிய்ந்து வருவது பட்டியல்ல, தகடு" என்றார். பட்டி பூட்டுவதாயின் கறள் பிடித்த பகுதியை வெட்டியகற்றி நல்ல தகடு ஒட்டவேண்டும். அதன் அடியில் தடித்த உருக்குத் தகடொன்றை வைத்து, ஆசனப்பட்டிக்கென்றே செய்யப்பட்ட 7/16 அங்குல போல்ட்டினால் முறுக்கவேண்டும். கடையில் அகப்படும் ஏதோவொரு போல்ட் உதவாது.

இன்னுமொரு தடை இருந்தது. சில ஆசனங்களை இடுப்புப்பட்டி மட்டுமே கொண்டு பூட்டலாம். வேறு சிலவற்றுக்குத் தோட்பட்டியும் சேர்ந்த மூன்று முனைப் பட்டி வேண்டும். ஆசனத்தில் ஒட்டியுள்ள சீட்டும் உடன்வரும் கையேடும் இதனைத் தெளிவாகக் கூறும். தங்கையின் ஆசனம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. தோட்பட்டியின் மேல்முனையை எவ்விடத்தில் பிணைத்தால் தாங்கும் என்று உறுதி கூற மெக்கானிக் முன்வரவில்லை. தெரியாததைத் தெரியும் என்னாத அந்த நேர்மைக்காக அவருக்கு நன்றி கூறினேன்.

பூட்டியபின் சோதனை

அன்று வாடகைக் கார் ஒன்றை அழைத்தோம். அதுவும் பழையதே, ஆயினும் பின்னாசனத்தில் மூன்று முனைப் பட்டிகள் இருந்தன. தங்கை ஆசனத்தைப் பூட்டிய முறையைக் கூர்ந்து நோக்கினேன். வாசகர்களுக்கும் அது பயன்படும்.

குழந்தையின் முகம் காரின் பின்புறத்தை நோக்கியிருக்குமாறு ஆசனத்தை வைத்தாள். முன்னாசனத்திற்கு எதிரே காற்றுப்பை உள்ள கார்களில் இத்தகைய ஆசனத்தை அங்கு வைத்தலாகாது. விரியும் பை குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும். பின்பு கையேடு காட்டிய வழியே பட்டியைச் செலுத்தி, முழங்கையால் ஆசனத்தை அழுத்திக்கொண்டே தளர்வை இழுத்தெடுத்தாள். பட்டி செல்லும் இடத்திற் பிடித்து அசைத்தபோது ஆசனம் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரவில்லை. பழைய கார்கள் சிலவற்றில் பட்டியின் கொளுவி நீண்டிருந்து ஆசனத்தின் விளிம்பிலேயே மடங்கிக் கிடக்கும்; அவ்வாறாயின் விசை பட்டபோது அது உடையலாம். அவ்விடத்தை விட்டு வேறிடத்தில் பூட்டுதல் வேண்டும்.

சாய்வையும் பார்த்தாள். ஆசனம் மிக நிமிர்ந்திருந்தால் கைக்குழந்தையின் தலை முன்னே சரிந்து மூச்சு தடைப்படும். குழந்தையைச் சுற்றியிருந்த துணியை நீக்கி, தோள்வார்களை இறுக்கியபின்னரே மேலாகப் போர்த்தினாள். துணியின்மேல் வார் கட்டினால், இறுக்கம்போலத் தோன்றுவது தளர்வேயாகும். உறவினர் தரும் பழைய ஆசனத்தை ஏற்பதாயின், அது விபத்தொன்றிற் சிக்கியதா என்று கேட்டறியுங்கள். சிக்கியிருந்தால், வெளியே கீறலில்லாவிடினும் அது உதவாது.

எல்லாம் முடிந்ததும் பெரியம்மா தாமே வந்து ஆசனத்தை இரு கைகளாலும் ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "சரி, போய் வாருங்கள்" என்றார்.

எமது மொறிஸ் மைனருக்கு இப்போது புதிய அடித்தகடு ஒட்டியாயிற்று. அது இன்னும் என்னைக் கல்லூரிக்கு ஏற்றிச் செல்கிறது. ஆனால் குழந்தை வரும் நாளில் அது வீட்டில் நிற்கும். தந்தையாரின் காரை நேசிப்பதற்காகப் பேரப்பிள்ளையை அதிலேற்றவேண்டும் என்பதில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் அவரும் அதையே சொல்லியிருப்பார்.