எல்கடுவ மலையும் இரு நாட்டு ஒப்பந்தமும்

வத்தேகமையினின்று மேல்நோக்கி வளைந்து செல்லும் பாதையில் அமைந்துள்ளது எல்கடுவ. தேயிலையும் ஏலமும் மிளகும் செழிக்கும் மாத்தளை மாவட்டத்துக் குளிர்ந்த மலைச்சாரல் அது. இப்பகுதி மலைகளுக்குச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களையே பின்னாளில் ஒரு சட்டம் அந்நியர் என்றது. குடிவரவுக் கொள்கை தேர்தலையும் அயல்நாட்டு உறவையும் எங்ஙனம் மாற்றும் என்பதை அறிய விரும்பும் மாணவர்கள் தொலைவில் தேட வேண்டுவதில்லை. தோட்டத்து லயங்களின் வரலாறே போதும்.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்திய வம்சாவளித் தமிழர் ஏறக்குறைய 780,000 பேர். 1947 தேர்தலில் அவர்கள் வாக்களித்தனர். நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். வேறு பல மலைநாட்டுத் தொகுதிகளில் அவ்வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணையாயின. ஐக்கிய தேசியக் கட்சிக்கோ 95 ஆசனங்களில் 42 மட்டுமே கிடைத்தன. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் பிறந்தது. இலங்கையிற் பிறந்தவரும்கூடத் தம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இங்கே பிறந்தமையை நிரூபிக்க வேண்டும் என்றது அது. நம்முள் எத்தனை பேர் பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழைப் பெட்டியினின்று எடுத்துக் காட்ட வல்லோம்? 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. பிரசைகள் அல்லாதார் பெயர்கள் வாக்காளர் இடாப்பினின்று நீங்கின. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 54.

இதில் ஒரு விந்தை உண்டு. ஆசனங்களை வகுக்கும்போது தோட்டத்தாரின் தலைகளும் எண்ணப்பட்டன. தலை கணக்கில் உண்டு, வாக்கு இல்லை. ஆகவே மலைநாட்டில் ஏனையோரின் வாக்குக்கு எடை கூடிற்று. உரிமை பறிபோனதைக் காட்டிலும் இக்கணக்கே நம்மை அதிகம் உறுத்துகிறது.

உள்நாட்டு இடாப்பில் இடமிழந்தோர் இரு நாடுகளின் வழக்காயினர். அவர்கள் இலங்கையின் மக்களே என்பது நேருவின் நிலை. 1954இல் கொத்தலாவலையோடு செய்த உடன்பாடும் சிக்கலைத் தீர்க்கவில்லை. 1962 சீனப் போரின் பின் அயலார் நட்பு தில்லிக்கு இன்றியமையாததாயிற்று. நேரு மறைந்த அதே 1964ஆம் ஆண்டு, ஒக்டோபர் 30ஆம் நாள், சாஸ்திரியும் சிறிமாவோவும் கையொப்பமிட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. சொத்துப் பாகப்பிரிவினையிலேனும் பங்காளிகளை அழைத்துக் கேட்பர். இங்கே தோட்டத்தாரின் இசைவை எவரும் நாடவில்லை.

இதன் விளைவு லயங்களின் உள்ளே தெரிந்தது. உடன்பிறந்தாருள் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டோடு தலைமன்னாரிற் கப்பலேறினார். மற்றவர் கொழுந்துக் கூடையோடு இங்கேயே நின்றார். சென்றோருள் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்தே பறித்தனர். இங்கே இந்தியர் எனப்பட்ட அவர்கள் அங்கே சிலோன்காரர் ஆயினர்.

1984இல் கப்பல் நின்றது; எஞ்சியோருட் பலர் நாடற்றவராகவே இருந்தனர். சனாதிபதித் தேர்தல் நிகழ்ந்த 1988ஆம் ஆண்டில், அவர்களுட் பெரும்பாலோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. அதுவரை அவர்கள் வாக்கு எவருக்கும் வேண்டியிருக்கவில்லை போலும்! மிஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி அது நிறைவேறிற்று. முதற் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 55 ஆண்டுகள்.