வெட்டப்படுவது நரம்பு அல்ல

என் அப்பா கெடாவில் செம்பனைத் தோட்டத் தொழிலாளி. குலை வெட்டுவதும் தூக்குவதும்தான் வேலை. சென்ற ஆண்டு அவருக்கு இடுப்பில் தொடங்கிய வலி, இடது கால் வழியாகப் பாதம்வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கியது.

சுங்கை பட்டாணியில் மருத்துவர் மலாயில் விளக்கினார். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நான்தான் மொழிபெயர்த்தேன். "வலி குறையலேன்னா நரம்பு ஆபரேஷன் செய்யணுமாம்" என்றேன்.

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. "நரம்பை வெட்டிட்டா நான் எப்படிம்மா நடக்கிறது?" என்றார். அடுத்த மருத்துவச் சந்திப்புக்கும் வர மறுத்தார்.

தவறு என்னுடையது. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருப்பது டிஸ்க். அதன் வெளிவளையம் கிழிந்தால் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்தும். அறுவை சிகிச்சையில் அந்தப் பிதுங்கிய துண்டைத்தான் எடுக்கிறார்கள். நரம்பை வெட்டுவதில்லை, விடுவிக்கிறார்கள். பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் இதை 1934இல் விளக்கி எழுதினார்கள். இன்று நுண்ணோக்கியின் உதவியுடன் சிறு கீறல் வழியாகவே இதைச் செய்ய முடிகிறது.

ஆனால், எல்லாருக்கும் கத்தி தேவையில்லை. பலருக்குச் சில வாரங்களில் வலி தானாகவே தணியும். நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவை செய்துகொண்டனர்.

காத்திருக்கவே கூடாத நிலையும் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், தொடை இடுக்கு மரத்துப்போதல், கால் வேகமாக வலுவிழத்தல் ஆகியவை தெரிந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நான் ஒரு தாளில் டிஸ்க்கையும் நரம்பையும் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். "அப்போ இந்தத் துண்டை மட்டுந்தானா எடுப்பாங்க?" என்று இரண்டு முறை கேட்டார். மறுவாரம் மருத்துவமனைக்கு வந்தார். மூன்று மாத உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் பிறகும் வலி நீங்காததால் அறுவை நடந்தது. கால்வலி போய்விட்டது. இடுப்பில் இன்னும் கொஞ்சம் பிடிப்பு உண்டு. குலை தூக்குவதை விட்டுவிட்டார்.

நம்மில் பலர் பெற்றோருக்காக மருத்துவமனையில் மொழிபெயர்க்கிறோம். ஒரு சொல் புரியவில்லை என்றால் மருத்துவரிடம் படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். எதை எடுப்பார்கள், எதைத் தொடமாட்டார்கள், காத்திருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பிறகு வீட்டில் சொல்லுங்கள்.