பழைய காருக்கு அதிகச் சக்தி: எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முறை

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க முற்படுவோர் பலர், முதலில் அதன் எஞ்சினுக்கு அதிகச் சக்தி அளிக்கவே விரும்புகின்றனர். சக்தியைப் பெருக்கும் வழிகள் பல உள்ளன. அவற்றுள் எது ஏற்றது என்பது, அச்சக்தி எந்த வேலைக்குத் தேவை என்பதைப் பொறுத்தது. இதனை அம்பாசடர் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

மேற்கு வங்காளத்தின் உத்தரப்பாராவிலிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் இந்தக் கார் 2014ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது. நெடுங்காலம் அதில் பொருத்தப்பட்டிருந்தது 1489 கன செண்டிமீட்டர் கொள்ளளவுள்ள பிரிட்டிஷ் அமைப்பு எஞ்சின். அதன் சிலிண்டர்கள் நான்கு. ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். பிஸ்டனின் வீச்சு 88.9 மில்லிமீட்டர். அது நிமிஷத்துக்கு 4200 சுற்றுகளை ஒட்டி, ஏறத்தாழ 50 குதிரைசக்தி தந்தது.

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்கு அருகிலுள்ள ஸ்ரீவராகத்தில் இத்தகைய கார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அன்றாடம் நகரத் தெருக்களிலும், எப்போதாவது பொன்முடி மலைப்பாதையிலும் அது ஓட வேண்டும். ஆட்களுடன் அதன் எடை 1500 கிலோகிராம் என்க. பன்னிரண்டு மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் பாதையில், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு எவ்வளவு சக்தி வேண்டும்? ஒரு விநாடியில் கார் உயரும் அளவு சுமார் 0.69 மீட்டர். ஆகவே, எடையை உயர்த்த மட்டும் ஏறத்தாழ 14 குதிரைசக்தி தேவைப்படுகிறது. காற்றின் தடையையும் சக்கரங்களின் உராய்வையும் சேர்த்தாலும், நல்ல நிலையிலுள்ள 50 குதிரைசக்தி எஞ்சினுக்கு இது பெரும் பாரமன்று.

எனவே, கார் மேட்டில் திணறுமாயின், முதலில் சோதிக்க வேண்டியது எஞ்சினின் நலமே ஆகும். தேய்ந்த பிஸ்டன் வளையங்களும், சரியாகப் படியாத வால்வுகளும் அமுக்கத்தைக் குறைக்கின்றன. தீப்பொறி உரிய நேரத்துக்குப் பிந்தினாலும் சக்தி வீணாகிறது. அமுக்கமானியைக் கொண்டு நான்கு சிலிண்டர்களையும் அளந்து ஒப்பிட்டால், குறை எங்கே என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

எஞ்சின் நலமாக இருந்தும் சக்தி போதவில்லை எனில், மூன்று வழிகளைக் கருதலாம்.

முதலாவது, கொள்ளளவைப் பெருக்குதல். சிலிண்டரின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து விட்டத்தை 1 மில்லிமீட்டர் கூட்டினால், 1489 என்பது சுமார் 1530 கன செண்டிமீட்டர் ஆகும். இந்த உயர்வு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. கடைதல் தேய்மானத்தை நீக்குமே தவிர, பெருஞ்சக்தியைத் தந்துவிடாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த 1798 கன செண்டிமீட்டர் எஞ்சினில், வீச்சு மாறாமல், விட்டம் மட்டும் சுமார் 80 மில்லிமீட்டராக உயர்த்தப்பட்டது. ஆனால் அது வேறு வார்ப்பு. பழைய வார்ப்பை அவ்வளவு கடைந்தால் சிலிண்டர்ச் சுவர் தாங்காது.

இரண்டாவது, அதே எஞ்சினை அதிக வேகத்தில் நன்கு சுவாசிக்கச் செய்தல். 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் பிரிட்டிஷ் பந்தயப் பாணிக் கார் இதற்குச் சான்று. அதிலும் இருந்தது 1489 கன செண்டிமீட்டர் எஞ்சினே. இரண்டு கார்புரேட்டர்கள் முதலிய மாறுதல்களால், 5500 சுற்றுகளை ஒட்டி ஏறத்தாழ 70 குதிரைசக்தி கிடைத்தது. சக்தி நூற்றுக்கு நாற்பது கூடியது. ஆயினும் சுழல் வேகமும் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் கூடிவிட்டது. சக்தி என்பது முறுக்குவிசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே, முறுக்குவிசையில் விளைந்த ஆதாயம் சிறிதே எனக் காணலாம். நகரத் தெருவில் யாரும் 5500 சுற்றுகளில் ஓட்டுவதில்லை. மேலும், இந்த எஞ்சினின் வளைதண்டைத் தாங்குபவை மூன்று பேரிங்குகளே. உயர்ந்த வேகம் அவற்றுக்குச் சுமை. அமுக்க விகிதத்தை உயர்த்துவதும் ஒரு முறைதான். ஆனால் அளவு மீறினால் எரிபொருள் முன்னதாகவே வெடித்து, தட்டும் ஒலி எழும், பிஸ்டனும் பழுதாகும்.

மூன்றாவது, வேறு எஞ்சினைப் பொருத்துதல். தொழிற்சாலையே இவ்வழியைக் கைக்கொண்டது. 1984இல் வந்த கான்டெஸ்ஸா காரின் பெரிய உடலுக்கு, 1489 எஞ்சினின் 50 குதிரைசக்தி போதவில்லை. பின்னர் அதில் ஜப்பானின் இசுசு நிறுவன அமைப்பிலான 1817 கன செண்டிமீட்டர் எஞ்சின் இடம்பெற்றது. 1990களின் தொடக்கத்தில் அதே எஞ்சின் அம்பாசடருக்கும் வந்து, 75 குதிரைசக்தி அளித்தது. அதனோடு ஐந்து கியர் கொண்ட பெட்டியும் மாற்றப்பட்டது என்பது கவனிக்கத் தக்கது. எஞ்சினை மட்டும் மாற்றினால் போதாது. கிளட்சு, கியர்ப்பெட்டி, ரேடியேட்டர் ஆகியவையும் அதற்கு இசைய வேண்டும்.

யாவற்றினும் முக்கியமானது பிரேக்கு. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துப் பெருகுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டருக்குப் பதில் 80 கிலோமீட்டரில் ஓடினால், நிறுத்தும்போது பிரேக்குகள் ஏற்க வேண்டிய உஷ்ணம் ஏறத்தாழ 1.8 மடங்காகும். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறச் சக்தி பெற்ற வண்டி, இறங்கவும் வல்லமை பெற்றிருக்க வேண்டும். இதை மறந்தால் உயிருக்கே ஆபத்து.

சட்டமும் கருதத்தக்கது. எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்டுள்ளது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாறுதல்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றலாகாது என, கேரளத்திலிருந்து எழுந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பணம் செலவிடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்டறிவது இன்றியமையாதது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டிய ஸ்ரீவராகம் காருக்கு, பழைய எஞ்சினையே செம்மையாகப் புதுப்பித்து, பிரேக்குகளையும் குளிர்விக்கும் அமைப்பையும் சீராக்குவதே தக்க தேர்வாகும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர்க் குழாய்களையும் பொருத்துதல் நன்று. நெடுஞ்சாலையில் நாள்தோறும் விரைந்து செல்ல வேண்டிய காராயின், தொழிற்சாலையே பொருத்திய 1817 எஞ்சினுடன் வந்த அம்பாசடரை நாடுவது எளிது.

ஆசிரியர்கள் இக்கணக்குகளை வகுப்பில் மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். விட்டம், வீச்சு, எடை, வேகம் ஆகிய நான்கு அளவுகளும் ஒரு கரும்பலகையும் இருந்தால், எவ்வளவு சக்தி உண்மையில் வேண்டும் என்பதைச் செலவுக்கு முன்னரே அறிந்துகொள்ள இயலும்.