"நான் போடுவேன் சார், ஊர் போடாது": தன்பாலீர்ப்பாளர் ஒருவர் அமெரிக்க அதிபராக முடியுமா?

2020 பிப்ரவரி 3ஆம் தேதி அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் காகஸ் நடந்தது. ஊர் ஹாலிலும் பள்ளிக்கூடத்திலும் கட்சி ஆதரவாளர்கள் கூடி, அதிபர் வேட்பாளராக யார் வரணும்னு தேர்ந்தெடுக்கிற முறை அது. அன்றைக்கு எடுத்த ஒரு சின்ன வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. ஒரு பெண்மணி பீட் புட்டிஜஜ்ஜை ஆதரித்து அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். பிறகுதான் அவர் ஒரு ஆணைத் திருமணம் செய்திருக்கிறார் என்பது தெரிய வருகிறது. உடனே, "என் அட்டையைத் திருப்பித் தர முடியுமா?" என்கிற தொனியில் கேட்கிறார்.

நான் அந்த வீடியோவை நாலைந்து முறை பார்த்தேன். அவருடைய வெறுப்பைவிட அந்த வரிசைதான் என்னை யோசிக்க வைத்தது. முதலில் ஆளைப் பிடித்தது. பேச்சு பிடித்தது, அதனால் தேர்ந்தெடுத்தார். அதன் பிறகு ஒரு தகவல் வந்தது, முடிவு மாறியது. இப்படி மாறுகிறவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

கருத்துக்கணிப்பு என்ன சொல்கிறது?

கேலப் நிறுவனம் 1937 முதல் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்டு வருகிறது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: உங்கள் கட்சி தகுதியுள்ள ஒருவரை அதிபர் பதவிக்கு நிறுத்துகிறது, அவர் இன்ன பிரிவைச் சேர்ந்தவர், ஓட்டுப் போடுவீர்களா? 1978இல் முதல் முறையாக அந்தப் பட்டியலில் தன்பாலீர்ப்பாளரையும் சேர்த்தார்கள். அன்றைக்கு "போடுவேன்" என்றவர்கள் 26 சதவீதம். 1999இல் 59, 2012இல் 68, 2020 ஜனவரியில் 78. நாற்பது வருஷத்தில் மூன்று மடங்கு.

2020 பட்டியலை முழுசாகப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். கறுப்பினத்தவருக்கு 96, பெண்ணுக்கு 93, 40 வயதுக்குக் குறைந்தவருக்கு 70, 70 வயதைத் தாண்டியவருக்கு 69, முஸ்லிமுக்கு 66, நாத்திகருக்கு 60, சோஷலிஸ்டுக்கு 45. புட்டிஜஜ்ஜுக்கு அப்போது வயது 38. அதாவது இந்தக் கணக்குப்படி, அவர் தன்பாலீர்ப்பாளராக இருப்பதைவிட சின்னப் பையனாக இருப்பதுதான் பெரிய குறை!

இந்த எண்ணை நம்பலாமா?

இதில் இரண்டு பக்கமும் பிழை இருக்கிறது. ஒன்று எண்ணைக் கூட்டிக் காட்டும், இன்னொன்று குறைத்துக் காட்டும்.

முதலில் கூட்டிக் காட்டுவது. முன்பின் தெரியாத ஒருவர் போன் பண்ணி "ஓட்டுப் போடுவீங்களா?" என்று கேட்டால், "மாட்டேன்" என்று சொல்ல நிறைய பேருக்குக் கூச்சம். 1982இல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் கறுப்பினத்தவரான டாம் பிராட்லி கணிப்புகளில் முன்னிலையில் இருந்து, கடைசியில் மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். அதற்கு "பிராட்லி விளைவு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் 2008இல் ஒபாமா விஷயத்தில் அப்படி எதுவும் பெரிதாக நடக்கவில்லை. எனவே இதை விதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

கூச்சத்தைத் தாண்டி உண்மையை எடுக்க ஆய்வாளர்கள் ஒரு அழகான உத்தி வைத்திருக்கிறார்கள். எங்க தொழிலில் ஏ/பி டெஸ்ட் என்போமே, கிட்டத்தட்ட அதுதான். மக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பார்கள். முதல் குழுவுக்கு நான்கு சாதாரண வாக்கியங்கள். இரண்டாவது குழுவுக்கு அதே நான்கோடு ஐந்தாவதாக சங்கடமான ஒன்று. எதற்கு ஆமாம், எதற்கு இல்லை என்று சொல்ல வேண்டாம், மொத்தம் எத்தனை பொருந்தும் என்று எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும். உதாரணத்துக்கு முதல் குழுவின் சராசரி 2.0, இரண்டாவது குழுவின் சராசரி 2.3 என்று வைத்துக்கொள்வோம். அந்த 0.3 ஐந்தாவது வாக்கியத்தால் வந்தது. ஆக 30 சதவீதம் பேருக்கு அது பொருந்துகிறது. யார் அந்த 30 என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் உண்மை வருகிறது.

2008இல் வெளியான ஒரு ஆய்வு, பெண் அதிபர் என்ற எண்ணமே எரிச்சல் தருகிறது என்பவர்கள் ஏறக்குறைய 26 சதவீதம் என்று இந்த முறையில் கண்டது. நேரடிக் கணிப்புகள் அதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. 2013இல் இன்னொரு ஆய்வு: அலுவலகத்தில் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் மேனேஜராக இருப்பது பிடிக்கவில்லை என்பவர்கள், நேரடியாகக் கேட்டதைவிட இப்படி மறைத்துக் கேட்டபோது 67 சதவீதம் அதிகம். கவனிக்கவும், இது 67 சதவீதம் பேர் என்று அர்த்தம் இல்லை. நேரடியாக வந்த எண்ணைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. அது இணையம் வழியாகத் திரட்டிய ஆட்களை வைத்துச் செய்தது, நாட்டின் சரியான சாம்பிள் கிடையாது. இருந்தாலும் திசை தெளிவு: 78 என்பது கொஞ்சம் ஊதிப்போன எண்.

இப்போது மறுபக்கம். 70 வயது தாண்டியவருக்கு 69 சதவீதம்தான் தயார் என்றார்கள் இல்லையா? அதே 2020 நவம்பரில் இரண்டு கட்சிகளும் நிறுத்தியது 70 தாண்டியவர்களைத்தான். டிரம்ப்புக்கு 74, பைடனுக்கு 77. 15 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்த இருவருக்கும் ஓட்டுப் போட்டார்கள். "மாட்டேன்" என்றவர்களில் பெரும்பகுதி போட்டிருக்கத்தான் வேண்டும். கேள்வித்தாளில் ஒரே ஒரு குணம் இருக்கும். ஓட்டுச் சீட்டில் கட்சி, எதிராளி, விலைவாசி எல்லாம் சேர்ந்து வரும். அமெரிக்காவில் கட்சிப் பிடிப்பு இன்றைக்கு இருக்கிற இருப்பில், அது மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

சரி, எத்தனை ஓட்டு போனால் தோல்வி?

"முடியாது" என்கிற 22 சதவீதம் அப்படியே நஷ்டம் என்று கணக்குப் போடக்கூடாது. அவர்களில் பலர் எப்படியும் எதிர்க்கட்சிக்குப் போடுகிறவர்கள். வராத ஓட்டை இழக்க முடியாது. நாம் தேட வேண்டியது அந்த அயோவா பெண்மணி மாதிரி ஆட்களை. மற்றபடி நமக்குப் போட்டிருப்பார், இந்த ஒரு காரணத்துக்காகப் போடமாட்டார்.

அந்த எண்ணிக்கை சிறியதாகவே இருக்கலாம். ஆனால் அமெரிக்கத் தேர்தல் ரொம்ப மெல்லிய நூலில் தொங்குகிறது. 2020இல் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் பைடன் ஜெயித்த வித்தியாசத்தைக் கூட்டினால் 43 ஆயிரம் ஓட்டுகூட வராது. அங்கே நூற்றுக்கு ஒருவர் மனம் மாறினாலே கதை வேறு. இன்னொரு பக்கம், இவர் நிற்கிறார் என்பதற்காகவே புதிதாக வரும் ஓட்டும் உண்டு. அதையும் கழிக்க வேண்டும்.

உண்மைத் தேர்தல்கள்

புட்டிஜஜ் 2015இல் இந்தியானாவின் சவுத் பெண்ட் நகர மேயராக இருந்தபோதே தன்னைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அதே வருஷம் சுமார் 80 சதவீத ஓட்டோடு மறுபடியும் ஜெயித்தார். 2020இல் அயோவாவில் மாநாட்டுப் பிரதிநிதிகள் கணக்கில் நூலிழையில் முதலிடம், நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸுக்கு மிக அருகில் இரண்டாமிடம். தென் கரோலினாவில் எட்டு சதவீதம்தான், அங்கேயே பயணம் முடிந்தது. அந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். அவர்களுக்குப் பைடன் பல வருஷப் பழக்கம். சவுத் பெண்ட் போலீஸ் விவகாரத்தில் புட்டிஜஜ் மீது அவர்களுக்கு மனக்குறையும் இருந்தது. இதில் திருமணம் எத்தனை சதவீதம் காரணம் என்று பிரித்தெடுக்க வழியே இல்லை. "கறுப்பினத்தவர் ஏற்கவில்லை" என்று ஒரே வரியில் முடிப்பது நியாயமில்லை.

விஸ்கான்சின் எனக்கு இன்னும் நல்ல சோதனையாகப் படுகிறது. 2024 நவம்பரில் அங்கே டிரம்ப் சுமார் 29 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். அதே நாள், அதே ஓட்டுச் சீட்டில் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளரான டேமி பால்ட்வின் செனட்டராக ஏறத்தாழ அதே அளவு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் 2013 முதல் அந்தப் பதவியில் இருப்பவர் என்பதை மறக்கக்கூடாது. பழகிய முகம். கொலராடோ ஆளுநர் ஜேரட் போலிஸ் கதையும் அப்படித்தான்: 2018இல் நல்ல வித்தியாசம், 2022இல் அதைவிடப் பெரிய வித்தியாசம்.

வெளிநாட்டில் ஐஸ்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க், அயர்லாந்து என்று பிரதமர்கள் பலர் வந்துவிட்டார்கள். ஆனால் பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. லாட்வியாவின் அதிபர் ரிங்கேவிச்ஸையும் 2023இல் நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. நேரடி ஓட்டு என்றால் ஃபின்லாந்தைப் பார்க்க வேண்டும். பெக்கா ஹாவிஸ்டோ 2012இல் இறுதிச் சுற்றில் 37 சதவீதம், 2024இல் 48 சதவீதம். இரண்டு முறையும் தோல்விதான். ஆனாலும் பன்னிரண்டு வருஷத்தில் 11 புள்ளி ஏற்றம்.

எனக்குப் பயம் எங்கே என்றால்

நம்மூரில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த வசனம் தெரியும்: "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல சார், மத்த குடித்தனக்காரங்கதான் ஒத்துக்க மாட்டாங்க." அந்த மற்றவர்களைப் போய்க் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள்! வீடு மட்டும் கிடைக்காது.

அரசியலிலும் இது நடக்கிறது. கமலா ஹாரிஸ் 2025இல் வெளியிட்ட தன் புத்தகத்தில், துணை அதிபர் வேட்பாளராகத் தன் முதல் தேர்வு புட்டிஜஜ்தான் என்று எழுதியிருக்கிறார். கறுப்பினப் பெண்ணான தன்னையும் கூடவே அவரையும் ஏற்கச் சொல்வது பெரிய ரிஸ்க் என்று விட்டுவிட்டாராம். அமெரிக்கர்களை அவ்வளவு குறைவாக எடைபோட வேண்டாம் என்கிற அர்த்தத்தில் புட்டிஜஜ் பதில் சொன்னார்.

ஹாரிஸுக்கு வெறுப்பு எதுவும் இல்லை. மற்றவர்களின் வெறுப்பைப் பற்றிய ஊகம்தான் இருந்தது. ஆய்வாளர்கள் இதற்கு வியூகப் பாகுபாடு என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். இதன் சிக்கல் என்னவென்றால், இந்த ஊகத்தைச் சரிபார்க்க ஒரே வழி வேட்பாளரை நிறுத்திப் பார்ப்பது. ஊகமோ நிறுத்தவே விடாது. டெஸ்ட் ஓடாமலேயே ரிசல்ட் "ஃபெயில்" என்று பதிவாகிவிடுகிறது. ஜெயித்திருப்பாரா தோற்றிருப்பாரா என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

எனவே என் கணக்கு இது. பொதுத் தேர்தலில் கட்சி நிறுத்திவிட்டால், பெரும்பாலான ஓட்டு கட்சி வழியே வந்துவிடும். சிறிய நஷ்டம் நிச்சயம் இருக்கும். நெருக்கமான தேர்தலில் அது போதும் தோற்கடிக்க, எளிதான தேர்தலில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அதைவிடப் பெரிய தடை கட்சிக்குள் நடக்கும் முதல் சுற்று. அங்கேதான் "ஊர் போடாது" என்று நல்லவர்களும் சேர்ந்து கையை விரிப்பார்கள்.

எங்க ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆறு பேரிடம் இதைக் கேட்டேன், அமெரிக்க ஓட்டுரிமை இருப்பதாக வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்க என்று. ஆறு பேருமே "நான் போடுவேன், ஆனா ஜெயிக்க மாட்டார்" என்றார்கள். ஆறு பேர் சாம்பிள் இல்லைதான். ஆனாலும் அந்த மேஜையில் அவர் ஆறுக்கு ஆறு வாங்கினார்.