சாலையோரக் கொடுக்காப்புளி

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகளின் தூசியும் டீசல் புகையும் மரங்களில் படிகின்றன. அந்த மரங்களின் பழங்களைத் தின்னலாமா? சாலையோர மண்ணில் ஈயமும் இருக்கலாம்; அதில் மரம் உறிஞ்சுவது பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். பழத்துக்கு வருவது மிகக் குறைவு. மேலே ஒட்டியிருக்கும் தூசிதான் கவலை. கொடுக்காப்புளியில் வெடித்துத் தொங்குவதை விட்டுவிடுங்கள். மூடிய சுருளாகப் பறித்து, கழுவி உரித்தால் உள்ளே இருக்கும் சதையில் தூசி படிந்திருக்காது. நாவல் பழத்துக்கு அந்தக் காப்பு இல்லை. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தரையில் நசுங்கிக் கிடப்பது வேண்டவே வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றாலும், பழைய ஈயம் சாலையோர மண்ணை விட்டு எளிதில் போகாது. பழம் பறிக்கப் போகும்போது மஞ்சள் அரளிக் காயைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவினாலும் அது விஷம்.